கடைசி வரி இல்லாத புத்தகம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், எட்டிப் பார்க்கவா முடிகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் முட்டி நன்றாக மடங்குகிறது, மாடிப்படியில் என்னை முந்திக்கொண்டு போகிறாள். எனக்கு அதே பழைய தோள்வலிதான், நான் பஸ்ஸை விட்டு இறங்கி ஐந்து வருஷமாகியும் ஸ்டியரிங் என் தோளை விட்டு இறங்கவில்லை. ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியை ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று. இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்து அறையில் துணி மடிக்கிற சாக்கில் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள், மடித்த துணியையே மறுபடி மறுபடி மடிக்கிறாள். இப்போது பேச வேண்டியது அவளைப் பற்றி, அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை காலையில் செருப்புக் கடை மாடியில் கூடுகிற காகிதக் கலைக் குழுவுக்கு நான் போய்வருவது உனக்குத் தெரியும். வீட்டில் சும்மா உட்கார்ந்து தொணதொணத்தவனைத் துரத்திவிட்டதே அம்மாதான். இரண்டு பெரிய மேஜை, ஜன்னலோரக் கொடியில் காய்கிற ஈரத் தாள், மூலையில் மூடிப்போன அச்சகத்திலிருந்து வந்த வெட்டு மெஷின், இவ்வளவுதான் அந்த அறை. நடத்துவது ஒரு ஓவிய டீச்சர். ரிட்டையரான பல் டாக்டரம்மா ஒருவர் பல் பிடுங்குகிற கவனத்தோடு காகிதம் மடிப்பார், வெல்டர் ஒருவர் தடித்தடி விரலால் காகிதப் பூ செய்வார், பார்த்தால் நம்ப மாட்டாய். நான் புத்தகம் தைக்கிற ஆள். தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் தைத்து அட்டை ஒட்டுவேன். முதலில் செய்தது திறக்கவே இல்லை, இரண்டாவது மூடவே இல்லை, இப்போது பரவாயில்லை. அங்கே ஒரு சட்டம் உண்டு, வெட்டி விழுகிற துண்டு எதையும் குப்பையில் போடக்கூடாது, உடனே வாளியில் ஊறப்போட்டு அன்றைக்கே கூழாக்கி அதில் புதுத் தாள் செய்ய வேண்டும்.

நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று வாசலில் அம்மா சொன்னதை நீ மறக்கவில்லை, அவளும் மறக்கவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த நேரம், பயத்தில் இருந்தாள், போற இடத்துலயே இருந்துக்க, இங்க திரும்பி வராதேன்னு வாய் தவறிக் கத்திவிட்டாள். நீயும் அவள் மகள்தானே, அப்படியே பிடித்துக்கொண்டாய். இரண்டு வருஷம் நாலு மாசமாக இரண்டு பேருக்கும் நடுவில் நான் அல்லாடுகிறேன். அம்மாவுக்குக் கால் எப்படி இருக்குன்னு நீ என்னிடம் கேட்கிறாய், அவளுக்கு அங்க குளிர் தாங்குதான்னு அம்மா என்னிடம் கேட்கிறாள். போன மாதம் பீரோவை ஒழுங்குபடுத்தும்போது துணிக்கடியில் ஒரு கட்டுக் காகிதம் கிடைத்தது. எல்லாம் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம், முப்பத்தொரு தாள். நோட்டில் கிழித்தது, காலண்டரின் பின்பக்கம், கரண்ட் பில்லின் முதுகு என்று கையில் கிடைத்ததிலெல்லாம் எழுதியிருக்கிறாள். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். இதை ஒரு புத்தகமா தைச்சு அவளுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். மூன்று நாள் கழித்துத் தானாகவே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். தைச்சுக் குடுங்க, அனுப்புறதா வேண்டாமான்னு அப்புறம் பாப்போம், ஆனா ஒரு எழுத்து படிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சத்தியத்தைக் காப்பாற்றினேன் மகளே, அதில்தான் கெட்டது. ஒவ்வொரு தாளையும் கவிழ்த்துப் பிடித்து, பின்பக்கம் எழுத்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்கினேன். மேல்பக்கத்தைத் தட்டி ஒரே மட்டமாக்கினேன், ஆனால் தாள்கள் ஒன்றுக்கொன்று அளவு சேராததால் கீழ்ப்பக்கம் பல்வரிசைபோல் நீண்டும் குட்டையுமாக நின்றது. இருப்பதிலேயே சின்னத் தாளை அளவாக வைத்து மெஷினில் செருகினேன். டாக்டரம்மா பதறி, ஓரத்துல எழுத்து இருக்கான்னு ஒரு தடவை பாத்துருங்க சார் என்றார். பாக்க மாட்டேங்க, சத்தியம் பண்ணியிருக்கேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பிடியை இறக்கினேன். சர்ரென்று ஒரே வெட்டு, ஓரம் கோடு கிழித்தமாதிரி நேராக வந்தது, நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன். அம்மாவின் பழக்கம் உனக்குத் தெரியாதா, இடத்தை வீணாக்க மாட்டாள், அடியோரம்வரை நெருக்கி நெருக்கி எழுதுவாள். வீட்டில் வாங்கிப் புரட்டியவள் முகம் சுருங்கிவிட்டது. கடைசி வரியெல்லாம் எங்கேங்க என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் குழுவின் மாடிக்கு ஓடினேன். வெல்டர் அப்போதுதான் கூழ் அரைக்கிற மிக்சியை நிறுத்திவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். வாளிக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினேன், சாம்பல் நிறக் கூழைத் தவிர ஒன்றும் வரவில்லை. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நாற்பது வருஷம் வண்டி ஓட்டி ஒரு நாய்க்குட்டியை இடித்ததில்லை, பெண்டாட்டி மனசில் இருந்ததை இப்படி நறுக்கிவிட்டேனே என்று இருந்தது.

புத்தகம் திரும்ப பீரோவுக்குள் போய்விட்டது, இனி வெளியே வராது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு நல்ல தாளும் பேனாவும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, போன வரிகளை ஞாபகம் இருக்கிற மட்டும் எழுதிக் கொடு, கடைசியில் சேர்த்துத் தைக்கிறேன் என்று கெஞ்சினேன். பேனாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், மூடினாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, கண்ணில் தண்ணீரும் கூடவே. எழுதிக் குடுத்தா அதையும் நீங்க வெட்டுவீங்க, அத்தனை தாள்லயும் கடைசில சுத்திச் சுத்தி ஒண்ணுதான் எழுதியிருந்தேன், அதை நானே அவகிட்ட சொல்லிக்கிறேன், நீங்க முதல்ல புத்தகத்தை அனுப்புங்க என்றாள். அவள் மனசு மாறுவதற்குள் பார்சலைக் கட்டிவிட்டேன். இந்தக் கடிதம் அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவில் இருக்கும்.

அதனால் பார்சல் கையில் கிடைத்ததும் எனக்கு மட்டும் ஒரு வரி மெசேஜ் போடு. அதற்கடுத்த ஞாயிறு இங்கே காலை பதினோரு மணிக்கு, உனக்கு அப்போது சாயங்காலமாக இருக்கும், எங்கேயும் போகாமல் வீட்டில் இரு. அதற்குள் நிதானமாகப் படித்துவிடு, பாதியில் நிற்கிற இடத்திலெல்லாம் அப்பாவைத் திட்டிக்கொள். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, அம்மா சொல்லச் சொன்னது. நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றே ஒன்று மறக்காதே. அன்றைக்கும் என் நம்பரிலிருந்துதான் போன் வரும், வழக்கம்போல எடுத்ததும் சொல்லுங்கப்பா என்று ஆரம்பித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா