வரப்பு போன கம்ப்யூட்டர்

மாரண்டஹள்ளி
4.2.2025

செல்லப் பேத்தி கோகிலவாணிக்கு ஆயா எழுதுவது. நானும் மாடுகளும் சுகம். ஓசூர்க் கம்பெனியில் பெரிய கம்ப்யூட்டர் முழுக்க உன் பொறுப்பு என்று நீ எழுதியதைப் பால் சொசைட்டியில் இரண்டு முறை படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டுச் செல்லிக்கு முகமே சுண்டிவிட்டது. போனில் பேசினால் இப்படிப் படிக்க முடியுமா? கடுதாசியே போடு. கண்டக்டர் சவுரியப்பனிடம் கொடுத்தால் அன்றைக்கே வந்துவிடுகிறது.

தீர்த்தம்மாள்

ஓசூர்
6.2.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

இதைச் சொசைட்டியில் படிக்காதீங்க. இந்தப் பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன. யார் இடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று டிஸ்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை உண்டு. புது டிஸ்கைத் துடைக்கப் போய், பழையதின் அட்டவணையைத் துடைத்துவிட்டேன். நம் காட்டு வரப்பை ஜேசிபி வழித்த மாதிரி. மண் அப்படியே இருக்கிறது. தேடி அளந்தால் வரப்பைத் திரும்பப் போடலாம். ஆனால் மேனேஜர் அறிவழகன் சார், நாளை சாயங்காலம் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றச் சொல்கிறார். ஏற்றினால் பழையது போச்சு. என் வேலையும் போச்சு.

கோகிலவாணி

மாரண்டஹள்ளி
7.2.2025, காலை

கண்ணு, சத்தியமாகப் படிக்கவில்லை. செல்லிதான் விடாமல் கேட்டாள். "கம்பெனியில என்னமோ கொளம்பிப் போச்சாம், எம் பேத்திதான் சரி பண்றா"ன்னு சொல்லிவிட்டேன். இனி நீ சரிபண்ணித்தான் ஆகவேண்டும்.

கீழே இருப்பது உன் மேனேஜருக்கு.

அய்யா, அளக்காமல் உழாதீங்க. எங்கள் வரப்பு போனபோது என் கொழுந்தன் அவசரப்பட்டுத் தக்காளி நட்டான். தக்காளி அந்த வருசமே அழுகிவிட்டது. பாலக்கோட்டுக் கோர்ட்டில் வரப்புக் கேஸ் இன்னும் பச்சையாக இருக்கிறது. ஒரு தூக்குத் தயிர் அனுப்பியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்க.

தீர்த்தம்மாள், ஐந்தாம் வகுப்பு

ஓசூர்
10.2.2025

ஆயா, வேலை தப்பித்தது! உங்கள் கடுதாசியையும் தூக்கையும் நீட்டினேன். சார் படித்துவிட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தார். அப்புறம், "அரூர்ல எனக்கும் எங்கண்ணனுக்கும் வரப்புக் கேஸும்மா" என்றார். ஞாயிறுவரை டிஸ்கில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே நகல் எடுத்து, நகலில் ஒவ்வொரு தொடக்கமாகத் தேடிப் பிடித்து, அட்டவணையைத் திரும்ப எழுதினேன். உள்ளே இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் எழுந்துகொண்டன.

சார் உங்கள் கடுதாசியை ஆபீசில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். இரண்டு முறை. தூக்கு அவரிடம் இருக்கிறது.

கோகிலவாணி

மாரண்டஹள்ளி
11.2.2025

கோகிலவாணிக்கு,

ஒருத்தர் எழுதிய கடுதாசியை அவரைக் கேட்காமல் நாலு பேர் முன்னால் படிப்பதா? இது என்ன பழக்கம்? மாட்டுக்குத் தவிடு வைக்கிற அவசரத்தில் பென்சிலில் கிறுக்கியது அது. எங்கள் குடும்பக் கேஸ் வேறு ஓசூர்வரை போய்விட்டது. எனக்குக் கோபம்தான்.

அதையே கோடு போட்ட தாளில், பேனாவால், கொழுந்தன் பேச்சை எடுத்துவிட்டு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது முறை படிக்கும்போது சாரை இதைப் படிக்கச் சொல்.

சார் இரண்டு முறை படித்ததைச் செல்லியிடம் சொல்லிவிட்டேன்.

தீர்த்தம்மாள்