நீ உடைக்காத கண்ணாடி

என் பிரியமுள்ள பெரியண்ணனுக்கு,

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. மனசு தாங்காமல் எழுதுகிறேன். மலையில் காய் பறிப்பு முடிந்துவிட்டது, மழைதான் விடவில்லை. கணக்குப்பிள்ளை சோலி என்று பேர்தான் பெரிசு. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் ஏறி இறங்கியே என் முழங்கால் தேய்ந்து போச்சு.

பழைய துரைக்குச் சீமையிலிருந்து வந்த மரப்பெட்டி ஞாபகம் இருக்கிறதா? உனக்கா மறக்கும்! போடியிலிருந்து உன் பொதிமாட்டில் ஏற்றி வந்தாய். மலையடியில் முந்தல் தாண்டி ஏற்றத்தில் மாடு வழுக்கி முட்டி போட்டது, பெட்டிக்குள் கலகலவென்று சத்தம் கேட்டது என்று நீயே சொன்னாய். துரை காய்ச்சலில் கிடந்ததால் பட்லர்தான் திறந்தார். சீமையில் வேதக்கோயில் சன்னல் கண்ணாடியாம், முழுசாக ஒன்றும் இல்லை, எல்லாம் சில்லு. உடைந்த கண்ணாடி வீட்டுக்குள் ஆகாது என்று பெட்டியை மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டுவிட்டார். துரையையும் அந்த வாரமே டோலியில் இறக்கிக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பவே இல்லை.

துரை கேட்காததை ஊர் கேட்டது. கண்ணாடிக்காரன் வர்றான், ஒதுங்குங்க என்று சாவடியில் கேலி பேசினார்கள். யாரும் உனக்குப் பொதி தரவில்லை. நீயும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் மாடுகளை விற்றுவிட்டு, கீழே சிலமலை ஊரில் யாரோ ஒருத்தர் காட்டில் மம்பட்டி பிடித்தாய். மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "கோயில் சாமான்டா. எங் கையில ஒடஞ்சு போச்சு" என்று படுக்கையிலும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

போன வாரம் பழைய துரையின் தம்பி வந்தார். வந்ததும் அந்தப் பெட்டியைத்தான் கேட்டார். பரணிலிருந்து இறக்கித் தூசி துடைத்து வைத்து, வழியில் உடைந்துபோனதுங்க என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் விளக்கமாகச் சொன்னார். அவர் ஊரில் இடிந்துபோன கோயில் ஒன்று இருக்கிறதாம். ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முன்னால் அதன் சன்னல்களில் இருந்த கண்ணாடி, உடைந்து மண்ணுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. இவரே தோண்டிப் பொறுக்கி, தன் அண்ணன் பார்க்கட்டும் என்று அனுப்பியிருக்கிறார். அந்தக் கோயிலில் கண்ணாடிச் சன்னல் இருந்ததற்கு இந்தச் சில்லுகளும் கூடக் கிடந்த, கண்ணாடியைச் சேர்த்துப் பிடிக்கும் ஈயப் பட்டைகளும்தான் சாட்சியாம். ஒரு சில்லை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைக் காட்டினார். மேல்பக்கம் போலவே உடைந்த இடத்திலும் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. மண்ணில் கிடந்து ஏறின பொருக்கு. புதிதாக உடைந்திருந்தால் விளிம்பு பளிச்சென்று இருக்குமாம்.

நான் விடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தேன், அவரும் கூட உட்கார்ந்து பார்த்தார். பளிச்சென்று ஒரு விளிம்பு இல்லை, அண்ணே. ஒன்றுகூட இல்லை. மாடு முட்டி போட்டபோது நீ கேட்டது, எப்போதோ உடைந்த சில்லுகள் ஒன்றோடொன்று உரசின சத்தம். அன்றைக்கே யாராவது ஒரு சில்லைக் கையில் எடுத்திருக்கக் கூடாதா? தொடுவதற்கே பயந்தார்களே.

பெட்டியை மூடிவிட்டு இந்தத் துரை கேட்டார். "இவ்வளவு பத்திரமா கொண்டாந்த ஆள் யாரு? கூப்பிடு, பார்க்கணும்."

நான் என்னவென்று சொல்வேன்? எங்கண்ணன்தாங்க, தை மாசமே காய்ச்சலில் போய்விட்டான் என்றேன். அலுத்துப் போச்சு அண்ணே, அழக்கூடத் தெம்பில்லை.

துரையிடம் ஒரு சில்லைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சந்தை நாளில் சாவடிக்குப் போய், கேலி பேசினவன் ஒவ்வொருத்தன் கையிலும் அதைக் கொடுத்து விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொல்லுவேன். இல்லை, முதலில் சிலமலை. இத்தனை வருசம் உன்னோடு சேர்ந்து தலைகுனிந்து நடந்த மதினி தடவிப் பார்க்கட்டும். அப்புறம்தான் ஊர். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்த தம்பி,
சின்னச்சாமி