உதடு அசைந்த குற்றம்

9 மார்ச் 2004, செவ்வாய்

நான் பரீட்சையில் யாருக்கும் விடை சொல்லிக் கொடுக்கவில்லை. இன்று காலை மீன்காரி கன்னியம்மாகூட, "இன்னாம்மா, இந்த வயசுல பிட்டு குடுத்து மாட்டிகினியாமே?" என்று சிரித்தாள். ராயபுரம் முழுக்கப் பரவிவிட்டது.

சனிக்கிழமை இத்தாலிய மொழிப் பரீட்சை. 'லவார்சி', அதாவது தன்னைக் கழுவிக்கொள்வது, என்ற வினையை முக்காலத்திலும் ஏவலிலும் நிபந்தனையிலும் எழுதச் சொன்னார்கள். மி லாவோ, தி லாவி, சி லாவா என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். கான்வென்டில் லத்தீன் வினைகளை மதர் எங்களுக்கு அப்படித்தான் பழக்கினார். உதடு அசையாமல் எனக்குப் பேனா ஓடாது. பக்கத்து நாற்காலி நர்ஸ் ஸ்டெல்லாவுக்கு நான் விடை சொன்னதாக மேற்பார்வையாளர் எங்கள் இருவர் தாளையும் பிடுங்கிக்கொண்டார். ஸ்டெல்லாவின் தாளில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

தேர்ச்சி இல்லாமல் அடுத்த வகுப்பில் சேர்க்க மாட்டார்கள். இன்று மாலை வகுப்பின் பொறுப்பாளரிடம் போய், தனியறையில் உட்காரவைத்து மறுபடி எழுதச் சொல்லுங்கள் என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு பாட்டி சர்டிபிகேட்டு? வூட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார்.

ஸ்டெல்லாவிடம் எதற்கு என்று கேட்டாரா? என் கணவர் காலமான பிறகு நானாகத் தொடங்கி, நானாக முடிக்க நினைத்த ஒரே காரியம் இது. அதை அந்த ஆளிடம் சொல்லவில்லை.

நாளை கொடுக்கும் கடிதம் இவ்வளவுதான்: ஐயா, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். என் தாளைத் திருத்துவீர்களா, மாட்டீர்களா? எழுத்தில் பதில் தாருங்கள்.