அவன் காபியில் என் மாத்திரை

பிப்ரவரி 3

இனி எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். வரிசை இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது.

1. மகனின் இரத்தப் பரிசோதனை.
2. அதற்கு நான் செய்யப்போவது.
3. அது அவனுக்குத் தெரியவேண்டியதில்லை என்பது.
4. மூன்று மாதம் கழித்து எண் இறங்கியதா, இல்லையா.

முதலாவது. மகனுக்கு நாற்பத்தேழு வயது. கெட்ட கொழுப்பு 192. மாடி ஏறினால் இடது தோளில் ஏதோ இழுக்கிறது என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறான். தினமும் மாத்திரை போட வேண்டும், சிகரெட்டை விட வேண்டும், டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம் டாக்டர். மகன் மருந்துச் சீட்டைக் கிழித்துப் பட்டறைக் குப்பையில் போட்டுவிட்டான். கீழ்த்தளம் முழுக்க அவனுடைய ஏசி பழுதுபார்க்கும் பட்டறை, மேலே நாங்கள்.

சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தேன். அதே மாத்திரையை நான் எட்டு வருடமாகப் போடுகிறேன், என் எண் 78 என்றேன். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அம்மா போய் எத்தனை வருஷம் ஆச்சு. யாருக்காகப்பா இவ்வளவு பத்திரமா உயிரைப் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

மருமகள் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நானும் சிரித்தேன். நான் எதற்குச் சிரித்தேன்?

பிப்ரவரி 5

இரண்டாவது. காலையில் அவனுக்குக் காபி போட்டுக் கீழே கொண்டுபோவது என் வேலை. என் மாத்திரையைக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி அதில் கலக்கினேன். அவன் குடிப்பது கறுப்பாக, சர்க்கரை அள்ளிப் போட்ட காபி, கசப்பு தெரியாது. மருந்துக் கடையில் இரண்டு மடங்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "எதுக்கு சார் இவ்வளவு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டால்? ஆகவே நான் போடுவதை நிறுத்திவிட்டேன். எனக்கு எழுபத்தாறு வயது. பரவாயில்லை.

பிப்ரவரி 6

இன்றும் குடித்துவிட்டான்.

பிப்ரவரி 19

அவன் குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. "என்னப்பா, விஷம் கிஷம் வச்சிருக்கீங்களா?" என்றான். பட்டறை ஆட்கள் கைவேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். மேலே வந்து உட்கார்ந்த பிறகுதான் யோசனை — கேட்காமல் ஒருவன் வாயில் மருந்தை ஊற்றலாமா? டாக்டர் எழுதிக்கொடுத்ததுதானே. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான். இப்படியே சுற்றிச் சுற்றி மதியமாகிவிட்டது.

மே 8

நான்காவது. மருமகள் அடம்பிடித்து எங்கள் இருவரையும் இரத்தம் கொடுக்கவைத்தாள். மகனுக்கு 101. எனக்கு 163.

குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்குள் மகன் இரண்டு ரிப்போர்ட்டையும் பட்டறைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினான். "இவர் புல்லைத் தின்னு மாத்திரை முழுங்குறாரு, ஏறுது. நான் எல்லாத்தையும் தின்னுட்டு ஊதித் தள்ளுறேன், இறங்குது. அத்தனையும் ஏமாத்து வேலை."

இரண்டே பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று கல்லூரியில் முப்பது வருடம் புள்ளியியல் நடத்தியவன் நான். காலி டம்ளரோடு சுவரோரம் நின்றேன்.

மே 9

சொல்லிவிடுவது என்று இறங்கினேன். அவன் போனில் இருந்தான். டிரெட்மில் சோதனைக்கு மருமகள் கெஞ்சி வாங்கிவைத்திருந்த நேரத்தை ரத்து செய்துகொண்டிருந்தான். ரிப்போர்ட் நார்மல், இனி தேவைப்படாது என்றான். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்ன?" என்றான்.

"காபி ஆறிடும்" என்றேன்.

மே 17

தோள் வலி இன்று தாடைக்கு வந்துவிட்டது. வியர்வை வேறு. மருமகள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். அவனோ வாயு என்று சோடாவைக் குடித்தான்.

"ஒருதடவை போய்க் காட்டிடேன்பா" என்றேன்.

"163 நீங்க. 101 நான். யாரு முதல்ல போய்க் காட்டணும்?"

சொல்லியிருக்கலாம். அந்த 101 என்னுடையதுடா என்று. அறைந்துவிடுவானோ என்று பயம். மேலே வந்துவிட்டேன்.

மே 18

பட்டறையில், பிரித்துப்போட்ட ஏசி மேலேயே சாய்ந்து —

எழுத முடியவில்லை.

மே 29

மருமகள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். எண் நார்மலாக இருந்தும் ஏன் போனார் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. என்னையும் கூட்டிப்போனாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல வருடமாக இரத்தக் குழாயில் படிந்தது மூன்று மாதத்தில் கரைந்துவிடாது. புகையும் சேர்ந்துகொண்டது. எண் இறங்கியது நல்லதுதான். ஆனால் வலி வந்த உடனே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். பிறகு, ஏதாவது மாத்திரை எடுத்துக்கொண்டாரா என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல சார். தானாவே இறங்கிச்சு. அதை நம்பித்தான் இருந்துட்டோம்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உங்களுக்கு ஏறியிருக்கே. நீங்களாவது விடாம மாத்திரை போடுங்க."

சரி என்றேன். அவளிடமும் இன்னும் சொல்லவில்லை.

முதல் நாள் போட்ட வரிசையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் நான்கும் சரி. இரண்டைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரியவேண்டியதில்லை என்ற மூன்றாவது தவறு.