சோதனைக்குக் கை தூக்க மாட்டேன்

மார்ச் 3

கொலைகாரனைப் பிடித்தாயிற்று. சிறையிலும் போட்டாயிற்று. அவனைத் தேடுவதற்காக எங்கள் தெருமுனையில் வைத்த தடுப்பை மட்டும் போலீஸ் எடுக்கவில்லை. தெருவை விட்டு வெளியே போக ஒரே வழி அதுதான். இன்றும் ஆளாளுக்குக் கையைத் தூக்கி நிற்கவேண்டும், உடம்பெல்லாம் தடவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். இது அநியாயம்.

அவன் வெளியே திரிந்தபோது நானும் கையைத் தூக்கினேன். என் சலூனில் முணுமுணுத்தவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதும் நான்தான். அவசரத்துக்கு இரவல் கேட்டால் கொடுக்கலாம். வேலை முடிந்தால் திருப்பித் தர வேண்டாமா?

இன்று மறுத்துவிட்டேன். தடுப்பில் நிற்கும் காவலர் நெட்டை. தெருவில் அவருக்குக் கொக்கு என்று பெயர். “அப்ப திரும்பிப் போங்க ஐயா. எனக்கு உத்தரவு அப்படி,” என்றார். திரும்பி வந்துவிட்டேன். இனி தடுப்பு போகும்வரை நான் தெருவைத் தாண்டுவதில்லை.

மார்ச் 6

இன்ஸ்பெக்டர் சவரத்துக்கு வந்தார். சவரம் சாக்கு, எனக்குப் புத்தி சொல்லத்தான் வந்தார். கூட்டாளி ஒருவன் இருக்கலாம் என்று தகவலாம். நாளைக்கு இன்னொரு உயிர் போனால் ஊர் உங்களையா கேட்கும், என்னைத்தானே கேட்கும் என்றார். அதுவும் நியாயம்தான். ஆனால் ‘இருக்கலாம்’ என்பதற்கு முடிவு ஏது? அதைத்தான் கேட்டேன். கத்தி தொண்டையில் இருந்ததால் அவர் கண்ணை மட்டும் உருட்டினார்.

மார்ச் 8

மகளுக்குப் பெண் குழந்தை! ஆபரேஷன்தான், ஆனால் தாயும் சேயும் சுகம். ஆஸ்பத்திரி தடுப்புக்கு அந்தப் பக்கம். என் மனைவி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே ஓடினாள். தடுப்பில் இருக்கும் பெண் காவலர் சோதித்து முடிப்பதற்குள் பாதி ரோடு போய்விட்டாள்.

நானும் போனேன். தடுப்புவரை. அப்புறம் கடைக்குத் திரும்பினேன். சந்தோஷத்தில், சும்மா பேப்பர் படிக்க வந்த வழுக்கைத் தலையருக்கும் போர்வை போர்த்தி முடிவெட்ட உட்காரவைத்துவிட்டேன்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள். “பேத்தி பெரிசா, உங்க வீம்பு பெரிசாங்க?”

மார்ச் 9

போனில் பேத்தியின் படம் வந்தது. மூக்கு என் மூக்கேதான், பாவம். — வீம்பா இது? இல்லை. இல்லவே இல்லை.

மார்ச் 11

எதிர்வீட்டு மருமகள் வக்கீல். அவள் மூலம் மனுப் போட்டிருந்தேன். விசாரணைக்கு என்னை நேரில் வரச்சொல்கிறார்கள். கோர்ட்டும் அந்தப் பக்கம்! சோதிக்கக் கூடாது என்று சொல்ல, முதலில் சோதனைக்கு நிற்கவேண்டும். அவளிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து டீ புரையேறிவிட்டது அவளுக்கு. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீதிபதியே இடத்தைப் பார்வையிட வரட்டும் என்று இன்னொரு மனு எழுதினாள். கெட்டிக்காரி.

மார்ச் 14

மாற்றுத்துணி எடுக்க மனைவி வந்தாள். பேத்தி எப்படிக் கொட்டாவி விடுகிறாள் என்று நான் கேட்காமலே செய்து காட்டினாள். மறுபடி செய்யச் சொன்னேன். செய்தாள். மகள் ஏதாவது சொன்னாளா என்று மெதுவாகக் கேட்டேன்.

“அவ உங்களுக்குப் பொறந்தவளாச்சே. ‘அப்பா தோத்துட்டு வரவேணாம், சீக்கிரம் ஜெயிச்சுட்டு வரச்சொல்லு’ன்னா.”

கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 17

நீதிபதி வந்தார். பின்னால் குமாஸ்தா. தெருவே கூடியது. தடுப்பருகே கொக்கு வழியை மறித்து, கையைத் தூக்கச் சொன்னார். இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று அவசரமாகத் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

“எல்லாரையும்னுதான் சார் உத்தரவுல இருக்கு. நீதிபதியை விட்டுட்டுன்னு இல்லையே,” என்றார் கொக்கு.

நீதிபதி கையைத் தூக்கினார். சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய்கள் வந்தன, கை நிறைய. “சர்க்கரை இருக்கே ஐயா உங்களுக்கு,” என்று குமாஸ்தா வாய்தவறிச் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. ஒரு மனிதனின் சட்டைப்பை அவனுடையதல்லவா?

நீதிபதி என் கடை நாற்காலியில் உட்கார்ந்து என்னையும் இன்ஸ்பெக்டரையும் விசாரித்தார். இன்ஸ்பெக்டரை அவமதிக்கவில்லை. தேடும்போது வைத்தது சரி. பிடித்தபின் வைத்திருப்பது தவறு. கூட்டாளி உண்டென்றால் ஆதாரத்தோடு வந்து புதிதாகக் கேளுங்கள் என்றார். நாளைக் காலை தடுப்பு போகவேண்டும்.

தெருவில் ஒரே கூத்து. வழுக்கையர் என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை.

நாளை ஆகவேண்டியவை:

இன்ஸ்பெக்டர்: உத்தரவை ரத்து செய்து எழுதி ஒட்டவேண்டும். வாயால் சொன்னால் போதாது.

கொக்கு: தடுப்பை லாரியில் ஏற்றவேண்டும். ஏற்றியபின் கடைக்கு வரவேண்டும். கிருதா ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்கிறது.

வக்கீல் மருமகள்: அடுத்தமுறை இப்படி உத்தரவு போட்டால் அதிலேயே கடைசித் தேதி இருக்கவேண்டும் என்று மனுப் போடவேண்டும். விடக்கூடாது.

மருமகன்: ஆஸ்பத்திரி வாசலில் நிற்கவேண்டும். எந்த மாடி என்று எனக்குத் தெரியாது.

மனைவி: குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று சொல்லித்தர வேண்டும். மகளைத் தூக்கியது எந்தக் காலம், மறந்துவிட்டது. அவளாகச் சொல்லமாட்டாள்.

நான்: கேட்கவேண்டும்.