ஹாலுக்கு ஒரு கலர் கண்ணாடி ஷேட்

பிப்ரவரி 7, வெள்ளி

ஹாலில் தொங்கும் வெறும் பல்புக்கு ஆறு கலர் கண்ணாடித் துண்டுகளை இணைத்து லாம்ப் ஷேட் செய்யப் போகிறேன். முதல் துண்டு நீலம். ஒடித்த சத்தம் கேட்டு மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "வெள்ளிக்கிழமை அதுவுமா வூட்ல கண்ணாடி ஒடைக்கிறியேம்மா, வெளங்குமா?" இது வேலை, உடைப்பு இல்லை அத்தை என்று எவ்வளவோ சொன்னேன். ஏறவில்லை. என் கணவன் ஹரி செல்போனுக்குள் ஒளிந்துகொண்டான். பெரிய வீரன்.

பிப்ரவரி 8, சனி

மொட்டை மாடிக்குத் துரத்தப்பட்டேன். நல்ல காற்று. விமானப்படை விமானம் ஒன்று தலைக்கு மேல் சுற்றிக்கொண்டே இருந்தது. கண்ணாடி கட்டரால் கோடு கிழித்து, இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தால் டக்கென்று ஒரு சத்தம் வரும். அடடா! நீலம் இரண்டு, பச்சை இரண்டு முடிந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கத்திவிட்டேன். ராஜகீழ்ப்பாக்கத்துக் கடையிலேயே வாங்கிவிடலாமே, எதற்கு இந்தப் பேஜார் என்றார் அத்தை. அவ்வளவுதான். "வந்து நாலு மாசம் ஆச்சு. இந்த வீட்ல என்னோடதுன்னு ஒரு கரண்டியாவது இருக்கா?" — சே, கரண்டியை ஏன் இழுத்தேன்? ஆனால் பொய்யா? சோபா, திரை, நான் படுக்கிற மெத்தை, எல்லாம் எனக்கு முன்னாலேயே இங்கே இருந்தவை. நான் வைத்தது என்று ஒரு பொருள் இருக்கக்கூடாதா? அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிப்ரவரி 12, புதன்

சோறு போடுகிறார். பேசுவதில்லை.

பிப்ரவரி 15, சனி

மஞ்சளில் இரண்டு துண்டு பாக்கி. மூன்று தடவை ஒடித்தேன், மூன்றும் கோணல். மிச்சமிருந்த கண்ணாடியில் சரியாக இரண்டுதான் வரும். இந்த மஞ்சள் இனிமேல் வராது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கோடு மட்டும் கிழித்துவிட்டு, ஒடிக்கப் பயந்து உட்கார்ந்து அழுதேன். இருபத்தொன்பது வயதுக் கழுதை.

துணி எடுக்க வந்த அத்தை பார்த்துவிட்டார். "இன்னாத்துக்கு அழுவுற? இப்டி குடு." என் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, முருங்கைக்காய் ஒடிப்பதுபோல ஒடித்தார். டக். இன்னொரு டக். இரண்டும் நேர்கோடு! எனக்கு வாய் பிளந்துவிட்டது. அவருக்கும்தான்.

"சத்தம் நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் கழித்துப் போட்ட கோணல் துண்டுகளில் என்னைக் கோடு போடச் சொல்லி, ஏழு துண்டு ஒடித்துத் தள்ளினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலி.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓரங்களில் காப்பர் டேப் ஒட்டி, ஈயத்தால் பற்றவைத்து ஆறு துண்டையும் இணைத்து மாட்டியாயிற்று. ஒரு மூலை கொஞ்சம் புடைப்பு. இருக்கட்டும். பகல் என்றும் பார்க்காமல் ஜன்னலைச் சாத்தி லைட் போட்டோம். சுவரெல்லாம் கலர். நான் ஹாலின் நடுவில் ஆடினேன். நிஜமாகவே ஆடினேன்.

பிப்ரவரி 22, சனி

எதிர்வீட்டு பேபி அக்கா வந்தார். மேலே பார்த்து, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அத்தையிடம் கேட்டார். நான் அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"கடையில ஏது? மருமவ பண்ணது. அவ வூடு, அவ ஹாலு. புடிச்ச மாரி மாட்டிகினா."

சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டேன். பேபி அக்கா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.