பிறத்தியார்

1956, ஆடி மாதம், ஞாயிறு.

பிறனிடம் அன்பு காட்டுவதென்றால் சண்டைக்குப் பிறகு நாமே முதலில் போவதுதான் என்று போதகர் இன்று ஆராதனையில் சொன்னார். எனக்கென்றே சொன்னதுபோல இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவின் ஆடு என் முருங்கைக் கன்றைக் கடித்ததிலிருந்து பத்து நாளாய் நாங்கள் பேசவில்லை.

மத்தியானம் கிண்ணத்தில் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டு போனேன். அக்கா சிரித்தபடி கையை நீட்டினார். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

"பிறத்தியார் மேலயும் அன்பா இருக்கணும்னு எங்க வேதத்துல இருக்குக்கா. அதான் வந்தேன்" என்றேன்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் சுண்டிவிட்டது.

"எட்டு வருசமா ஒன் புள்ளைகளை இந்த இடுப்புல தூக்குனேன். பத்து நாள் பேசலைன்னா நான் ஒனக்குப் பிறத்தியாளா?"

சாயங்காலம் கிண்ணம் கழுவி எங்கள் வாசலில் இருந்தது, வெறுமையாக. எப்போதும் ஒரு பிடி கீரையாவது போட்டுத்தான் திருப்புவார்.

கோயிலில் இனித்த வார்த்தை அவர் வீட்டில் ஏன் அப்படிக் குத்தியது? சொன்னபடிதானே செய்தேன்? புரியவில்லை. காலையில் போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் இங்கே சொந்த மனுசரிடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை; அதையும் பிறத்தியாரிடம்தானே கேட்பார்கள்.